கலை வரலாறும் நூலக அறிவியலும் சேர்த்துப் படிக்க அமெரிக்கா வருபவர்களுக்கு: ஐ-20இல் அந்த ஆறு இலக்க எண்ணைப் பாருங்கள்

கணினி படிக்க அமெரிக்கா வருகிறவர்களுக்கு வழி சொல்ல ஊருக்கு ஐம்பது பேர் இருக்கிறார்கள். கலை வரலாறும் நூலக அறிவியலும் சேர்த்து இரட்டை முதுகலைப் பட்டம் படிக்க வருகிறவர்களுக்கு ஒருவரும் கிடைப்பதில்லை. அதனால் கணினிக்காரர்கள் சொல்லும் யோசனையையே நம் பிள்ளைகளும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். என் தோழி ஒருத்திக்கு அதனால் விழுந்த அடியை அருகிலிருந்து பார்த்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் பிராட், இந்தியானா பல்கலைக்கழகத்தின் ப்ளூமிங்டன் வளாகம், சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் ஆகியவை இப்படி இரண்டையும் இணைத்து நடத்தி வந்திருக்கின்றன. நீங்கள் சேரும் ஆண்டில் சேர்க்கை உண்டா என்று அந்தந்தத் துறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் படித்தால் ஆகும் காலத்தைவிடக் குறைவாகவே ஆகும், சில பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்காகும். அருங்காட்சியக நூலகம், பல்கலைக்கழகக் கலை நூலகம், ஓவியப் புகைப்படக் காப்பகம் போன்ற இடங்களுக்குப் போக இதுதான் நேரான வழி. அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முதுகலைப் பட்டத்தை வேலை விளம்பரங்களில் கேட்பார்கள், கூடவே கலை வரலாற்றில் இன்னொரு பட்டம் இருந்தால் நல்லது என்பார்கள். ஊரில் வாங்கிய எம்.லிப். அதற்கு ஈடு என்று காட்டத் தனியாக மெனக்கெட வேண்டும்.

வீட்டில் "லைப்ரரி படிக்கவா அவ்வளவு தூரம்?" என்று கேட்டிருப்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளை இங்கே நூலகப் பள்ளிகளில் அடிப்படைப் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். ஒரு பொருளை அதன் பல முகங்களாகப் பிரித்து வகைப்படுத்தும் முறையைப் பேசும்போதெல்லாம் அவர் பெயர் வரும். எங்கள் வகுப்பில் பேராசிரியர் அந்தப் பெயரைத் தடுமாறிப் படித்தார். பின்வரிசையிலிருந்து நான் திருத்திச் சொன்னேன், ரங்கநாதன் எந்த ஊர்க்காரர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அன்று எனக்கிருந்த நெஞ்சு நிமிர்வு உங்களுக்கும் இருக்கட்டும்.

அலுவலக வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இவற்றில் பெரிய சிக்கல் இல்லை. சேர்க்கை உறுதியானதும் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் வந்ததும், அமெரிக்க அரசின் மாணவர் பதிவு முறையான செவிஸுக்குக் கட்டணம் 350 டாலர் கட்டி, விசா நேர்காணலுக்குப் போங்கள். படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் நாட்டுக்குள் நுழைய முடியாது. வந்திறங்கியதும் நீங்கள் நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்து, பெயர் எழுத்து சரியா என்று பாருங்கள். அப்பா பெயரையே குடும்பப் பெயராக வைத்திருக்கும் நமக்கு அங்கே குழப்பம் வரும். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்யுங்கள். சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு வளாகத்தில் வேலை கிடைத்த பிறகு விண்ணப்பித்தால் போதும். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான். பல்கலைக்கழக நூலகத்திலேயே கேளுங்கள், தமிழ் தெரிந்தவர் என்றால் அவர்களுக்கும் உதவி.

அது ஏன் என்றால், இங்கே பெரிய நூலகங்களில் தமிழ்ப் புத்தகம் நிறைய இருக்கிறது. 1962 முதல் பி.எல்.480 என்ற அமெரிக்க அரசுத் திட்டத்தில் வாங்கி அனுப்பத் தொடங்கினார்கள், காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் வழியாக இன்றும் வருகின்றன. ஆனால் பட்டியலில் ரோமன் எழுத்தில் இருக்கும். நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காமல் போகலாம், அவர்களுடைய எழுத்துப்பெயர்ப்பு விதி வேறு. சிதம்பரத்தை Chidambaram என்று போடாமல் Citamparam என்று போட்டுத் தேடுங்கள். எனக்குக் குளிர்காலம் முழுவதும் கூட இருந்தவை அப்படித் தேடி எடுத்த புத்தகங்கள்தான். மாலை நாலரைக்கே இருட்டிவிடும் நாட்களில், கீழ்த்தள அடுக்குகளில் நின்று, ஒரு பழைய திருவாரூர் தலபுராணத்தைப் புரட்டும்போது ஊர் ஞாபகம் தொண்டையை அடைக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஐ-20இன் முதல் பக்கத்தில் உங்கள் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆறு இலக்க எண் இருக்கும். இரண்டு இலக்கம், ஒரு புள்ளி, நான்கு இலக்கம். படிப்புகளை வகைப்படுத்த அரசு வைத்திருக்கும் இதை சிஐபி எண் என்பார்கள். படித்து முடித்த பிறகு இந்த நாட்டில் எத்தனை மாதம் வேலை செய்யலாம் என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. பட்டத்தின் பெயரோ உங்கள் மதிப்பெண்ணோ அங்கே பேசாது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பு முடித்ததும் ஓபிடி என்ற அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம். அந்த எண் அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம் கிடைக்கும். கலை வரலாறு 50.0703, பட்டியலில் இல்லை. நூலக அறிவியல் 25.0101, அதுவும் இல்லை. தகவல் அறிவியல் என்ற 11.0401 இருக்கிறது. பட்டத்தின் பெயர் எம்எல்ஐஎஸ் (நூலக, தகவல் அறிவியல் முதுகலை) என்றே இருந்தாலும், ஒரு பல்கலைக்கழகம் அதை 25.0101 என்று பதிந்திருக்கும், இன்னொன்று 11.0401 என்று பதிந்திருக்கும். பாடங்களோ பெரும்பாலும் ஒன்றுதான்.

என் தோழி கும்பகோணத்துப் பெண். அவளுடைய ஐ-20இல் 50.0703, 25.0101 இரண்டும் இருந்தன. "இரண்டு முதுகலை என்றால் இரண்டு ஓபிடி, இரண்டு வருஷம் கவலையில்லை" என்று சீனியர்கள் சொன்னார்கள். அது தவறு. ஓபிடி ஒரு கல்வி நிலைக்கு ஒரு தடவைதான். முதுகலை நிலையில் எத்தனை பட்டம் வாங்கினாலும் மொத்தம் 12 மாதம். இரட்டைப் பட்டம் படிக்கிறவர்களிடம் இதைச் சேர்க்கையின்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முதலாண்டிலேயே பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்தில் போய்க் கேட்டாள். "அதற்கு இன்னும் காலம் இருக்கிறது, கடைசிப் பருவத்தில் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசிப் பருவத்தில் போனபோது, "இனி படிப்பை மாற்ற முடியாதே" என்றார்கள். அதே கட்டடத்தில், இரண்டு கதவு தள்ளி, 11.0401 எண்ணில் ஒரு தகவல் அறிவியல் படிப்பு நடந்துகொண்டிருந்தது. அவளுடன் பாதிக்கு மேல் அதே வகுப்புகளில் உட்கார்ந்த புனே பையனுக்கு மூன்று ஆண்டு கிடைத்தது.

அவளுக்கு வேலை கிடைக்காமல் இல்லை. ஓர் அருங்காட்சியகத்தில், இரண்டு ஆண்டு நிதியில் நடந்த திட்டத்தில் சேர்ந்தாள். தென்னிந்தியச் சிற்பங்களின் பழைய புகைப்பட அட்டைகளை ஒழுங்குபடுத்தும் வேலை. ஒரு நாள் ஓர் அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். முன்பக்கம் தட்டச்சில் 'நடனமாடும் சிவன், வெண்கலம், தென்னிந்தியா' என்று மட்டும் இருந்தது. பின்பக்கம் மங்கிய பென்சிலில், எழுத்துப் பிழையோடு ஓர் ஊர்ப் பெயர். அங்கே இருந்த யாருக்கும் அது ஊர் என்றே தெரியவில்லை. அவளுடைய பெரியம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கிற ஊர் அது. பதிவில் ஊர், வட்டம், மாவட்டம் எல்லாம் ஏற்றினாள்.

இது சின்ன வேலையில்லை. ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது திருட்டுச் சிலை என்று நிறுவ உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில் இருந்த பழைய புகைப்படம். 2014இல் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். ஒரு படத்தின் பின்னால் ஊர்ப் பெயரைச் சரியாக எழுதி, தேடினால் கிடைக்கும்படி வைக்க ஒருவர் வேண்டும். அதற்குத்தான் இந்த இரண்டு படிப்பும். அப்படிப்பட்ட ஆள் கையில் இருந்தும், பன்னிரண்டாவது மாதம் அவளுடைய அனுமதி முடிந்தது, பாதி அட்டைகள் பெட்டியிலேயே நின்றுபோயின. அதற்குப் பிறகும் வேலையில் தொடரத் தேவையான ஹெச்-1பி வேலை விசாவை எடுத்துத் தரும் வழக்கம் இல்லை என்று அருங்காட்சியகம் கைவிரித்தது. இப்போது சென்னையில் நல்ல வேலையில்தான் இருக்கிறாள். ஆனால் அந்த அட்டைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் குரல் மாறிவிடும்.

அதனால், சேர்க்கைக் கடிதம் வந்தவுடன், முன்பணம் கட்டுவதற்கு முன்னால், இரண்டு துறைக்கும் மின்னஞ்சல் போட்டு சிஐபி எண் என்ன என்று கேளுங்கள். ஐ-20இல் இரண்டு படிப்பும் ஏறுமா, ஒன்றுதான் ஏறுமா என்றும் கேளுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். நம் ஊர் அலுவலகத்தில் நேரில் போய் நின்றால் காரியம் நடக்கும், இங்கே மின்னஞ்சலில் இல்லாதது நடக்கவே இல்லாத மாதிரி. ஸ்டெம் பட்டியலும் அவ்வப்போது மாறும், அரசுத் தளத்தில் உள்ளதை நீங்களே ஒத்துப் பாருங்கள்.

எண்ணை மட்டும் பார்த்தும் சேர்ந்துவிடாதீர்கள். 11.0401 எண்ணில் நடக்கும் எல்லாப் படிப்புக்கும் நூலகச் சங்க அங்கீகாரம் இருக்காது. அங்கீகாரம் இல்லாவிட்டால் பல்கலைக்கழக நூலகர் வேலைக்குப் பல இடங்களில் விண்ணப்பமே தாண்டாது. இரண்டும் சேர்ந்த இடம் கிடைத்தால், தரவரிசையில் கொஞ்சம் கீழே இருந்தாலும் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். 24 மாத நீட்டிப்புக்கு ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை முறையில் வேலை தருபவர் பதிவு செய்திருக்க வேண்டும், வேலைக்குச் சம்பளம் இருக்க வேண்டும், அந்த ஸ்டெம் பட்டத்தோடு நேரடித் தொடர்பும் வேண்டும். மெட்டாடேட்டா (பொருள்களைப் பற்றிய விவரப் பதிவு), டிஜிட்டல் சேகரிப்பு போன்ற வேலைகளுக்குத் தொடர்பைக் காட்டுவது எளிது.

சம்பளமில்லாத பயிற்சி இந்தத் துறையில் மலிந்து கிடக்கிறது, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். வளாகத்துக்கு வெளியே செய்வதென்றால் சம்பளம் இல்லாவிட்டாலும் முன்கூட்டியே சிபிடி, அதாவது படிக்கும்போதே பயிற்சி வேலை செய்யும் அனுமதி, கேளுங்கள். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் ஓபிடி போய்விடும், பகுதிநேரம் அந்தக் கணக்கில் வராது.

ஓபிடிக்குப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தொடங்கிய பிறகு வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். பல்கலைக்கழக நூலகங்களோ ஆள் எடுக்க மாதக்கணக்கில் இழுக்கும். முதலில் தொலைபேசி நேர்காணல், அப்புறம் ஒரு நாள் முழுக்க வளாகத்தில் நேர்காணலும் உரையும். ஆகவே கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க ஆரம்பியுங்கள். பல்கலைக்கழகங்களுக்கு ஹெச்-1பி எண்ணிக்கை வரம்பு கிடையாது, மார்ச் மாதக் குலுக்கல் இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். தனி அருங்காட்சியகங்களுக்கு அந்த விலக்கு தானாகக் கிடைக்காது. இரண்டு இடத்திலும் வேலை கிடைத்தால், பெயருக்கு மயங்காமல் பல்கலைக்கழகத்தை எடுங்கள். எங்கே சேர்ந்தாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஹெச்-1பி எடுத்துத் தருவார்களா என்று கேளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று இங்கே யாரும் நினைப்பதில்லை.