ராட்சதத் தர்ப்பூசணி: காம்பில் கோட்டை விடாதீர்கள்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்று ஒரு ஊர். பில் கிளின்டன் பிறந்த ஊர்தான், ஆனால் ராட்சதத் தர்ப்பூசணிக்கும் அதே அளவு பேர் போனது. 2005-ல் அங்கே ஒரு காய் சுமார் 122 கிலோ வந்தது. 2013-ல் டென்னசியில் கிறிஸ் கென்ட் 159 கிலோவில் உலக சாதனையே படைத்தார். இதைப் படித்துவிட்டுப் பெரிய ரக விதை வாங்குபவர்கள் முதலில் ஓடுவது உரக்கடைக்கு. ஆனால் கைக்கு வந்த காய் போவது பெரும்பாலும் காம்பில்தான்.

பிஞ்சு சின்னதாக இருக்கும்போது கொடி தரையில் படுத்திருக்கும். காய் பருக்கப் பருக்க அதன் தோள் உயரும், காம்பும் கூடவே மேலே போய்க் கொடியை இழுக்கும். அந்த இடத்தில் கொடியை மண்போட்டு மூடியோ கம்பியால் குத்தியோ வைத்திருந்தால் விட்டுக்கொடுக்க வழியில்லை. கணுவில் பிய்ந்துவிடும். ஆகவே காய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு மூன்று அடிக்குக் கொடியைத் தளர்வாக விடுங்கள். அதற்காக மொத்தக் கொடியையும் அவிழ்த்துவிடுவதும் தப்பு. காற்றடித்தால் புரண்டு, காம்பை முறுக்கிவிடும். நுனிப்பக்கத்தையும் பக்கக் கிளைகளையும் கட்டாயம் பதித்து வையுங்கள்.

காம்பு கொடிக்குக் குறுக்காக, செங்கோணத்துக்குப் பக்கமாக நிற்பது நல்லது. பிஞ்சு கொடியோடு ஒட்டிச் சாய்ந்திருந்தால் சின்னதாக இருக்கும்போதே, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஒரே நாளில் திருப்பினால் ‘டக்’கென்று போகும். காலையில் கை வைக்காதீர்கள். தண்ணீர் ஏறிய கொடி அப்போது விறைப்பாக இருக்கும். வெயிலில் துவண்ட பிற்பகல்தான் சரியான நேரம்.

வேருக்குப் பக்கத்தில் முதலில் பிடித்த பிஞ்சை ஆசையாக விட்டுவைப்பதும் வேண்டாம். பருத்த பின் அடித்தண்டையே நெருக்கும். ஏழெட்டு அடி தள்ளிப் பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான்!

அடியில் வெறும் ஈரமண் இருந்தால் வயிற்றுப்பக்கம் அழுகும். மணலைச் சமமாகப் பரப்பி, மேலே தெர்மாகோல் பலகை போடுங்கள். பிஞ்சிலேயே போட வேண்டும், பெருத்த பிறகு தூக்கிப் போட முடியாது. நீளவாக்கான ரகங்கள் உருளும் என்பதால் பக்கவாட்டில் மணலை லேசாக அணைத்து வையுங்கள். இறுக்கி அடைத்தால் பருக்க இடமிருக்காது.

உரம், தண்ணீர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் மடை திறந்தால் காய் வெடிக்கும். சொட்டுநீரில் தினம் ஒரே அளவு கொடுங்கள். தழைச்சத்தை அள்ளிப் போடாதீர்கள். காய்க்கு மேல் ஒரு நிழல்வலையும் போடுங்கள், வெயில் நேராகப் பட்டால் தோல் கெட்டிப்பட்டுப் பிளக்கும்.

அறுத்த பிறகு காம்பைப் பிடித்து இழுக்காமல், கெட்டியான தார்ப்பாயில் உருட்டி நாலு மூலைக்கு நாலு பேர் பிடித்துத் தூக்குங்கள்.