தாத்தாவின் விமானப்படைக் கோட்டு: கண்ணாடிப் பெட்டியில் வைப்பது

தாத்தா இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் தரைப்பணியாளர். அவருடைய நீலச்சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தது. அந்துருண்டை வாசனை, முழங்கையில் இரண்டு பூச்சி ஓட்டை.

முதல் வேலை பூச்சியை ஒழிப்பது. சலவைக்குப் போடாதீர்கள், தையல் விட்டுப்போகும். பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, டீப் ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். (வீட்டில் மீன் வைக்க இடமில்லை என்று சண்டை வரும், சமாளியுங்கள்.) வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்கக் கூடாது. ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் துணியில் கோத்துக்கொள்ளும்.

பித்தளைப் பொத்தானைப் புளி போட்டுத் தேய்க்க அம்மா வந்தார். தடுத்துவிட்டேன். தேய்த்தால் அதில் பொறித்திருக்கும் பிரிட்டிஷ் அரச கிரீடம் மழுங்கிவிடும். அது காலத்துக்குச் சாட்சி: நம் விமானப்படைக்கு 'ராயல்' பட்டம் 1945-இல் வந்தது, 1950-இல் குடியரசானதும் போனது.

கம்பி ஹேங்கர் வேண்டாம். தோள் அகலத்துக்குப் பஞ்சு வைத்து, துவைத்த வெள்ளைக் காடாத்துணி சுற்றுங்கள். துணி கண்ணாடியைத் தொடக் கூடாது. ஜன்னல் வெயிலும் படக் கூடாது. வெளுத்த சாயம் திரும்ப வராது.

பக்கத்தில் பழைய ஏர் இந்தியா லக்கேஜ் லேபிள் வைத்திருக்கிறேன், மகாராஜா படத்தோடு. அது கலர் ஜெராக்ஸ்தான். அசல் பீரோவில், இருட்டில்.