விண்டோஸ் 7 டிஸ்க்கிலேயே அப்டேட்டையும் ஏற்றிவிடுங்கள்

காரைக்குடி, ஆத்தங்குடி பக்கம் டைல்ஸ் பட்டறைகளிலும் பாத்திரக்கடைகளிலும் பழைய பில்லிங் மென்பொருளுக்காகவே விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபார்மேட் செய்யும்போதெல்லாம் அப்டேட்டுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம்.

சர்வீஸ் பேக் 1 (விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் விட்ட பெரிய அப்டேட் தொகுப்பு) உள்ள விண்டோஸ் 7 டிஸ்க்கை ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள, விண்டோஸ் முழுவதும் அடங்கிய இன்ஸ்டால்.விம் கோப்பின் 'ரீட் ஒன்லி' டிக்கை எடுத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் கட்டளையால் காலி ஃபோல்டரில் மவுண்ட் செய்யுங்கள், அதாவது உள்ளே இருப்பதைத் திறந்து வையுங்கள். இனி வரிசைதான் முக்கியம். டிஸ்ம் கட்டளையாலேயே முதலில் கேபி3020369 என்ற அப்டேட்டை அதில் ஏற்றுங்கள், அதன்பிறகே கேபி3125574. இரண்டாவதில் சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு 2016 ஏப்ரல் வரை வந்த பெரும்பாலான அப்டேட்டுகள் ஒரே மூட்டையாக இருக்கும். 32 பிட்டா, 64 பிட்டா என்று பார்த்து இறக்குங்கள். முடிந்ததும் கமிட் (மாற்றங்களைச் சேமி) கொடுத்து அன்மவுண்ட் செய்யுங்கள்; டிஸ்கார்ட் (சேமிக்காதே) கொடுத்தால் அத்தனையும் போச்சு. ஹோம், புரொஃபஷனல் எல்லாவற்றுக்கும் அந்தக் கோப்பில் தனித்தனி இண்டெக்ஸ் (வரிசை எண்) உண்டு. உங்கள் பதிப்புக்கு மட்டும் செய்தால் போதும்.

இன்ஸ்டால்.விம் கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஏறாது, டிஸ்மை வைத்தே துண்டாக்கிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும்: மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டது. பில் போடட்டும், நெட் பேங்கிங் அந்தக் கம்ப்யூட்டரில் வேண்டவே வேண்டாம்.