காடையைக் காப்பாற்றும் தீ, காடையைக் கொல்லும் தீ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டில் தீ என்றதும் பறவைகள் கருகும் காட்சிதான் மனத்தில் எழுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா, ஃப்ளோரிடா மாநிலங்களின் எல்லையில் உள்ள ரெட் ஹில்ஸ் பகுதியில் நடந்தது வேறு. தீயை நிறுத்தியதால்தான் அங்கே பறவைகள் குறைந்தன.

அங்குள்ள லாங்லீஃப் பைன் காடுகள் மின்னலாலும் பழங்குடியினர் வைத்த தீயாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்து வந்தவை. மரங்கள் இடைவெளிவிட்டு நிற்கும்; வெயில் தரைவரை இறங்கும்; கீழே புல்லும் பூண்டும் செழிக்கும். பாப்வைட் காடை அந்தத் தரையில்தான் மேய்கிறது, கூடு கட்டுகிறது, இரவில் உறங்குகிறது. 1924-இல் பறவை ஆய்வாளர் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் இந்தக் காடையை ஆராயத் தொடங்கியபோது, காட்டுக்குத் தீ வைப்பதையே வனத்துறையினர் கடுமையாக எதிர்த்துவந்தார்கள். காடைக்குத் தீ தேவை என்று 1931-இல் அவர் துணிந்து எழுதினார்.

அவர் எதிர்த்த அந்தத் தவறுதான் முதலாவது: தீயே வேண்டாம் என்பது. சில ஆண்டுகள் எரியாமல் விட்டால் ஓக், ஸ்வீட்கம் போன்ற மரங்களின் கன்றுகள் அடர்ந்து எழும்பும். நிழலில் புல் மடியும், சருகு மெத்தையாகக் குவியும். கட்டைவிரல் அளவே உள்ள காடைக் குஞ்சால் அதற்குள் நடக்க முடியாது. முதல் சில வாரங்கள் அதற்குப் பூச்சிதான் முக்கிய உணவு. தலைக்கு மேல் இலைமறைவும் காலடியில் வெறுந்தரையும் உள்ள இடத்தில்தான் அது பூச்சி பிடித்துப் பிழைக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் காடு பச்சைப்பசேலென்று தெரியும். காடைக்கு அது வாழிடமே அல்ல.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. என் கணிப்பில் ஆர்வமுள்ளவர்கள் அதிகம் செய்வதும் இதுதான்: தீத்தடுப்புக் கோடுகள் (தீ தாண்டாதபடி செடி, சருகு நீக்கிய பாதைகள்) போடும் செலவை மிச்சப்படுத்த, பெரும் பரப்பை ஒரே நாளில் எரித்துவிடுவது. காடை தீயிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆபத்து மறுநாள் தொடங்குகிறது. சாம்பல் வெளியில் ஒளிய இடமில்லை. குளிர்காலத்தின் இறுதியில், வலசை போகும் கூப்பர் வல்லூறுகள் அந்த வழியாக வடக்கே திரும்பும் நேரத்திலேயே பெரும்பாலும் தீ வைக்கிறார்கள். காடை நெடுந்தூரம் பறந்து புகலிடம் தேடும் பறவையும் அல்ல. நடந்தோ குறுகிய தூரம் பறந்தோ சேரும் எல்லைக்குள் எரியாத புதர் இருந்தாக வேண்டும். தவிர, அது கூடு கட்டுவது கடந்த ஆண்டின் காய்ந்த புல்லைக் கொண்டு. முழுதும் எரித்த நிலத்தில் அந்த வசந்தத்தில் அந்தப் புல்லுக்கு எங்கே போகும்? அதனால்தான் நிலத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஏறக்குறைய பாதியை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் எரிக்கும் வழக்கம் அங்கே நிலைத்தது. எரிந்த துண்டு குஞ்சுகளுக்கு மேய்ச்சல், எரியாத துண்டு தாய்க்குக் கூடு.

எந்த மாதம் எரிப்பது என்று வாதாடிக்கொண்டே ஆண்டுகளைக் கடத்துவதும் தவறுதான். கோடைத் தீ புதர்களை நன்றாக அடக்கும், வயர்கிராஸ் புல்லைப் பூக்க வைக்கும். ஆனால் சில கூடுகள் போகும். முட்டை போனால் காடை மறுபடி கூடு கட்டும். சில கூடுகளில் ஆண்களே அடைகாக்கும். புதர் மூடிய நிலத்துக்கு அப்படி ஒரு மறுவாய்ப்பு கிடையாது. மாதத்தைவிட இடைவெளி தவறாமல் எரிப்பதே முக்கியம் என்பேன்.

கெட்டுப்போன வாழிடத்தில் பண்ணைக் காடைகளைக் கொண்டுவந்து விடுவது வீண்செலவு. கூண்டில் வளர்ந்தவை வல்லூறுக்கும் நரிக்கும் விரைவில் இரையாகிவிடும்.

அதே காட்டில் வாழும் ரெட்-காக்கேடட் மரங்கொத்திக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. அது உயிருள்ள முதிய பைன் மரத்தில் பொந்து குடைகிறது. அதற்குப் பல ஆண்டுகள்கூட ஆகும். பாம்பு ஏறாதிருக்கப் பொந்தைச் சுற்றிக் கொத்திப் பிசினை வழியவிடுகிறது. அந்தப் பிசின் எளிதில் தீப்பிடிக்கும். எனவே தீ வைக்கும் முன், பொந்துள்ள ஒவ்வொரு மரத்தின் அடியிலும் சருகையும் ஊசியிலைகளையும் வாரி அகற்றிவிட வேண்டும்.