வாசகசாலை இரவல் பதிவேடு: ஜாங்கோ பழக ஒரு தளம்

பைதானில் வலைத்தளம் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவைப் பழக ஏதாவது ஒரு தளம் கட்ட வேண்டுமென்றால், சின்ன வாசகசாலை ஒன்றுக்கான இரவல் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பி வர வேண்டும் என்று காட்டினால் போதும். இரண்டு டேபிள், அவற்றுக்கிடையே உறவு, ஃபார்ம், லாகின் என்று வேலையில் தினமும் கைபடுகிற சமாச்சாரங்கள் இதற்குள் வந்துவிடும். வழக்கமான டூடூ லிஸ்டில் டேபிள் ஒன்றுதான். அதை மட்டும் முடித்தவர்கள் ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைக்கும் ஃபாரின் கீ வந்ததும் திணறுவது அதனால்தான்.

ஃப்ரேம்வொர்க்கைத் தொடுமுன் ஒரு எச்டிஎம்எல் ஃபார்மைக் கையாலேயே எழுதுங்கள். பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு, கெட் முறையில் ஒரு தடவை, போஸ்ட் முறையில் ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள். முன்னதில் நீங்கள் நிரப்பியது முகவரிப் பட்டையிலேயே தெரியும். பின்னதில் ரிக்வெஸ்டுக்குள் போய்விடும். இதைக் கண்ணால் பார்க்காதவருக்கு, பின்னால் பிழை வந்தால் எங்கே தேடுவதென்று புரியாது.

நிறுவுதல்

பைதான் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஜாங்கோவில் 5.2 பதிப்பை எடுங்கள். 2025 ஏப்ரலில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு இது. 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. முதலில் இந்தத் தளத்துக்கென்று தனிப் பைதான் சூழலாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதற்குள் பைதானின் நிறுவும் கருவியான பிப் மூலம் ஜாங்கோ. டெர்மினலை மூடித் திறந்த பிறகு ஜாங்கோ என்ற மாட்யூலே இல்லை என்று வந்தால், என்விரான்மென்டை ஆக்டிவேட் செய்ய மறந்திருப்பீர்கள். திரும்ப இன்ஸ்டால் செய்ய ஓடாதீர்கள்.

தளத்தின் அடிப்படைக் கோப்புகளை உருவாக்கும் ஸ்டார்ட்ப்ராஜெக்ட், அதற்குள் ஆப் என்ற பகுதியை உருவாக்கும் ஸ்டார்ட்ஆப் ஆகிய இரண்டு கட்டளைகளையும் ஓட்டியதும், ஆப்பின் பெயரை செட்டிங்ஸ் கோப்பில் உள்ள இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், மாடலில் (டேபிளை விவரிக்கும் பைதான் கிளாஸ்) செய்த மாற்றங்களைக் குறித்துவைக்கும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளை மாற்றம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பிழைச்செய்தி வராததால் பலர் மணிக்கணக்கில் மாடலையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். அதே கோப்பில் டைம் ஸோன் யூடிசி என்று இருக்கும். ஏசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள். இலங்கை என்றால் ஏசியா/கொழும்பு. மாற்றாமல் விட்டால் அதிகாலை 5.30க்கு முன் பதிவாகும் இரவலில் முந்தின நாள் தேதி விழும்.

மாடலில் நேரம் செலவழியுங்கள்

பக்கத்தின் அழகைப் பிறகு பார்க்கலாம். புத்தகம் என்ற மாடலில் தலைப்பு, ஆசிரியர், பதிவு எண். இரவல் என்ற மாடலில் புத்தகத்துக்கு ஃபாரின் கீ, வாங்கியவர் பெயர், கொடுத்த தேதி, கெடு தேதி, திரும்பிய தேதி. கடைசித் தேதி மட்டும் காலியாக இருக்கலாம். காலியாக இருந்தால் புத்தகம் இன்னும் வெளியே இருக்கிறது.

புத்தகம் உள்ளே இருக்கிறதா என்று புத்தக மாடலில் தனியாக ஒரு பூலியன் ஃபீல்டு வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருந்தால் என்றைக்காவது ஒன்று பொய் சொல்லும். அதற்குப் பதில், திரும்பிய தேதி காலியாக உள்ள வரிசைகளுக்கு மட்டும் பொருந்தும்படி, இரவல் மாடலில் புத்தகத்தின் மேல், ஒரே மதிப்பு இரண்டு தடவை வராமல் தடுக்கும் யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட் போடுங்கள். வெளியே போன புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முயன்றால் டேட்டாபேஸே மறுத்துவிடும். எஸ்கியூலைட்டிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் இது வேலை செய்யும், மைஎஸ்கியூஎல்லில் செய்யாது.

ஃபாரின் கீயின் ஆன் டெலீட்டுக்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேஸ்கேட் என்று போடுகிறார்கள். புத்தகத்தை அழித்தால் அதன் இரவல் வரலாறு முழுவதும் கூடவே அழியும் என்பது அதன் அர்த்தம். பதிவேட்டுக்கு, இரவல் வரலாறு உள்ள புத்தகத்தை அழிக்க விடாத ப்ரொடெக்ட்தான் சரி.

கொடுத்த தேதியின் டிஃபால்டாக டைம்ஸோனின் லோக்கல்டேட் ஃபங்ஷனைக் கொடுக்கும்போது பக்கத்தில் அடைப்புக்குறி போடக்கூடாது. போட்டால் சர்வர் தொடங்கியபோதே அது ஓடி, அன்றைய தேதியே உறைந்துவிடும். சோதிக்கிற அன்று எல்லாம் சரியாகத் தெரியும், மறுநாள்தான் குட்டு வெளிப்படும்.

தமிழுக்கென்று இரண்டு விஷயம். ஃபீல்டின் நீள வரம்பான மேக்ஸ் லென்த் யுனிகோட் குறிகளைத்தான் எண்ணுகிறது. ‘புத்தகம்’ நமக்கு 5 எழுத்து, அதற்கு 8. தலைப்புக்கு 200 ஆவது வையுங்கள். அடுத்தது ஸ்லக், அதாவது தலைப்பிலிருந்து செய்து பக்க முகவரியில் வைக்கும் சரம். ஸ்லக்கிஃபை ஃபங்ஷன் தமிழ்த் தலைப்பை வெற்றுச் சரமாக்கிவிடும். யுனிகோடை அனுமதித்தாலும் துணைக்குறிகளையும் புள்ளியையும் உதிர்த்து, ‘தமிழ்’ என்பதைத் ‘தமழ’ ஆக்கும். முகவரியில் புத்தகத்தின் எண்ணையே பயன்படுத்திவிட்டால் தொல்லை இல்லை.

அட்மினிலிருந்து பக்கத்துக்கு

டேபிள்களை உருவாக்கும் மைக்ரேட் கட்டளையை ஓட்டி, எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசரை உருவாக்கி, இரண்டு மாடலையும் ஜாங்கோவின் நிர்வாகப் பக்கமான அட்மினில் பதியுங்கள். 2003இல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரத்து நாளிதழ் ஒன்றின் வலைக்குழுவில் பிறந்தது ஜாங்கோ. நிருபர்களே உள்ளடக்கத்தை ஏற்ற வேண்டிய இடம் அது. அட்மின் பக்கம் கூடவே வருவதில் வியப்பில்லை. 20 புத்தகங்களை அதில் ஏற்றுங்கள். பட்டியலில் தலைப்புக்குப் பதில் ஆப்ஜெக்ட் 1, ஆப்ஜெக்ட் 2 என்று வந்தால், எந்தப் பெயரில் காட்டுவது என்று சொல்லும் எஸ்டிஆர் மெத்தடை மாடலில் எழுதவில்லை.

பிறகு ஒரு யூஆர்எல், அதற்குப் பதில் தரும் ஒரு வியூ, பக்கத்தின் எச்டிஎம்எல் அச்சாக ஒரு டெம்ப்ளேட். டெம்ப்ளேட் இல்லை என்ற பிழை வந்தால், எந்தெந்த ஃபோல்டரில் தேடியது என்பதையும் அந்தப் பக்கமே பட்டியலிடும். உங்கள் கோப்பு இருக்கும் பாதையோடு ஒப்பிடுங்கள். மற்ற பிழைகளில் பிழை வந்த வழியைக் காட்டும் ட்ரேஸ்பேக்கைக் கீழிருந்து மேலே படித்து, உங்கள் கோப்பின் பெயர் முதலில் வருகிற வரியில் நில்லுங்கள்.

இரவல் ஃபார்மில் 403 (அனுமதி மறுப்பு) வந்தால், ஃபார்ம் உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் விடுபட்டிருக்கிறது. இணையத்தில் சிலர் சொல்வதுபோல அந்தச் சோதனையையே அணைத்துவிடாதீர்கள். லாகின் ஆனவரின் பிரவுசர் வழியாக வேறொரு தளம் ஃபார்ம் அனுப்புவதைத் தடுப்பது அதுதான். சேமித்தபின் நேராக டெம்ப்ளேட்டைக் காட்டாமல் ரீடைரக்ட் செய்யுங்கள், இல்லையேல் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்பவர் அதே ஃபார்மை மறுபடி அனுப்பிவிடுவார். லாக்அவுட்டுக்குச் சாதாரண லிங்க் வைத்தால் 405 (இந்த முறைக்கு அனுமதி இல்லை) வரும். 5.0 முதல் போஸ்ட் கட்டாயம். பழைய காணொளிகளில் லிங்க்தான் இருக்கும்.

அடுத்து, பக்கத்தின் உள்வேலைகளைக் காட்டும் டீபக் டூல்பாரைச் சேர்த்து, இரவல் பட்டியலுக்கு டேட்டாபேஸில் எத்தனை குவெரி (கேள்வி) ஓடுகிறது என்று பாருங்கள். 50 வரிசைக்கு 51 காட்டினால், ஒவ்வொரு வரிசையும் தன் புத்தகத்தைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது. புத்தகத்தையும் சேர்த்தே எடுக்கும் செலக்ட் ரிலேட்டட் சேர்த்தால் ஒரே குவெரியாகிவிடும்.

ஏற்றும்போது

தளத்தை இணையத்தில் ஏற்றுவதற்காக செட்டிங்ஸில் டீபக்கை (பிழை விவரங்களைப் பக்கத்திலேயே காட்டும் தெரிவு) அணைத்த உடனே இரண்டு இடி விழும். அனுமதித்த முகவரிகளின் பட்டியலான அலவுட் ஹோஸ்ட்ஸில் டொமைன் இல்லாததால் 400 (தவறான ரிக்வெஸ்ட்). அதைச் சரிசெய்தால் சிஎஸ்எஸ் காணாமல் போயிருக்கும், ஏனென்றால் டீபக் இல்லாதபோது ஸ்டாட்டிக் கோப்புகளைப் பரிமாறும் பொறுப்பை ஜாங்கோ எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கோப்புகளைப் பரிமாறும் ஒயிட்நாய்ஸை செட்டிங்ஸின் மிடில்வேர் பட்டியலில் சேர்த்து, அவை சேர வேண்டிய ஃபோல்டரை ஸ்டாட்டிக் ரூட்டில் குறிப்பிட்டு, அவற்றை அங்கே திரட்டும் கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளையை ஓட்டுங்கள். செட்டிங்ஸில் உள்ள ரகசியச் சாவியான சீக்ரெட் கீயை கிட் (Git) களஞ்சியத்தில் ஏற்றாமல் என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுங்கள். சில ஹோஸ்டிங் சேவைகளில் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் டிஸ்க் புதிதாகிவிடும். அங்கே எஸ்கியூலைட் கோப்பு பதிவேட்டோடு சேர்ந்து மறையும் என்பதால் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கடைசியாக செக் கட்டளையை டிப்ளாய் என்ற தெரிவோடு ஓட்டினால் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்று வரும். ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம், தளத்துக்கு எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே வரும்படி பிரவுசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ்ஸை மட்டும் கடைசிக்கு வையுங்கள். எச்டிடிபிஎஸ் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு முதலில் 3600 வினாடி மட்டும் கொடுங்கள். ஒரு வருடம் கொடுத்துவிட்டுச் சான்றிதழில் கோளாறு வந்தால், ஏற்கெனவே தளத்துக்கு வந்துபோனவர்களின் பிரவுசர்கள் அதை மறக்காது. சர்வரில் அணைத்தாலும் அவர்களால் உள்ளே வர முடியாது.