வீட்டில் சார்ஜர் இல்லாமல் மின்சார கார்: நான் சமாளிக்கும் முறை

வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மென்டில் கார் நிறுத்தும் இடத்துக்கு வயர் இழுக்க இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. ஒன்றரை வருடமாக என் நெக்ஸான் இவி வெளியில்தான் சார்ஜ் ஆகிறது. முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் தினமும் சார்ஜர் தேடி அலைந்தால் ஒரே மாதத்தில் வெறுத்துவிடும். வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. பேட்டரி 40.5 யூனிட். ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டினால் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் வருகிறது. 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 24 யூனிட், அதாவது சுமார் 170 கிலோமீட்டர். தினம் 30 ஓட்டும் எனக்கு ஐந்து நாள் தாங்கும். உங்களுக்கு மூன்று நாள்கூட வராது என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

அடுத்து, வழக்கமாகப் போகும் வழியில் இரண்டு ஃபாஸ்ட் சார்ஜர்களைப் பார்த்து வையுங்கள், இரண்டும் வேறு வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும். சார்ஜர் கம்பெனியின் ஆப்பில் பச்சையாகக் காட்டுவதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். சார்ஜருக்கு வந்துபோனவர்கள் கருத்து எழுதும் ஆப்களில் எனக்கு பிளக்‌ஷேர்தான் பிடிக்கும், கடைசியாக வந்தவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிடலாம். கம்பெனி ஆப்பின் வாலெட்டில் பணம் போடுவதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள், மால் பேஸ்மென்டில் ஓடிபி வராது. ஆப்பில் போட்டிருக்கும் ரேட்டுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகச் சேரலாம்.

சரி, இப்போது கன், அதாவது சார்ஜர் கேபிளின் நுனியில் இருக்கும், காரில் செருகும் கைப்பிடி. முதல் மாதம் முழுக்க என்னைத் திணறடித்தது இதுதான். ஃபாஸ்ட் சார்ஜரில் இருக்கும் சிசிஎஸ்2 வகை கன்னில் மேலே சின்ன பின்கள், கீழே இரண்டு பெரிய பின்கள். கேபிள் கனம் கன்னைக் கீழே இழுக்கும். மேல்பாதி சரியாக உட்கார்ந்த மாதிரி தெரியும், உள்ளே நூலளவு இடைவெளி இருக்கும். திரையில் சக்கரம் சுற்றிச் சுற்றி ஃபெயில் ஆகும். கேபிள் விறைக்காதபடி காரை நெருக்கி நிறுத்துங்கள். கன்னுக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கி, நேராக உள்ளே தள்ளி, 'டக்' என்று லாக் விழுந்து யூனிட் ஓடத் தொடங்கும்வரை பிடித்தே இருங்கள். அப்படியும் ஃபெயில் ஆனால் ஸ்டார்ட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தாமல், கழற்றி, காரைப் பூட்டி, இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். முடிந்ததும் ஆப்பில் நிறுத்தி, காரைத் திறந்த பிறகே உருவ வேண்டும்.

சார்ஜரில் 60 கிலோவாட் என்று போட்டிருந்தாலும் பல இடங்களில் அது இரண்டு கன்னுக்கும் சேர்த்து. பக்கத்தில் ஒரு கார் வந்தால் நமக்குப் பாதிதான். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் விழுந்துவிடும், அதற்குமேல் உட்கார்ந்திருக்காமல் அடுத்தவருக்கு இடம் விடுங்கள்.

பின்சேர்க்கை: ஆஃபீசில் 15 ஆம்பியர் பாயின்ட் போதுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போதும், ஃபாஸ்ட் சார்ஜரைவிட நான் அதையே சொல்வேன். காரோடு வரும் சார்ஜரில் மணிக்கு இரண்டரை யூனிட் என்றாலும் எட்டு மணி நேரத்தில் 20 யூனிட் ஏறிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் கூடவே கூடாது. செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். எங்கள் ஆஃபீசில் எலக்ட்ரீஷியன் பாயின்டைக் கழற்றியபோது எர்த் கம்பி எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முடுக்கிய பிறகுதான் பச்சை வந்தது.