சார் பாஸ் ஏறும் இளைஞர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிறந்ததும் நம் ஊர் இளைஞர் குழுக்கள் பல இமாசலப் பிரதேசத்துக்கு ரயில் ஏறிவிடுகின்றன. பார்வதி பள்ளத்தாக்கில் உள்ள கசோலில் தொடங்கி, கிரகன் கிராமம், மின் தாட்ச், நகாரு என ஒவ்வொரு முகாமாக ஏறி, ஏறக்குறைய 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சார் பாஸ் கணவாயைக் கடக்கும் பாதை அது. முதன்முறை இமயமலைக்குப் போகிறவர்களும் நடக்கக்கூடிய பாதைதான். ஆனால் சில தவறுகளை மட்டும் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிடுகிறது. பயணத்துக்கு முந்தைய வாரம் புது ஷூ வாங்குவார்கள். இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கி, பையில் எடையும் வைத்துப் படிக்கட்டு ஏறிப் பழக வேண்டும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் லேசில் காயாது. மாலைக் குளிரில் அந்த ஈரமே உடம்பை நடுங்க வைக்கும். பையைத் தோளில் மட்டும் தொங்கவிடாமல் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால், பாரத்தின் பெரும்பகுதி இடுப்புக்குப் போய்விடும்.

சரி, இதெல்லாம் கொஞ்சம் அவதிப்பட்டால் தீர்ந்துவிடும். உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. தலைவலியை மறைப்பது.

கிரகனிலிருந்து மின் தாட்ச் போகும் ஒரே நாளில் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏறுகிறோம். மின் தாட்ச் இருக்கும் உயரத்தில், கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். அன்று மாலைதான் சிலருக்குத் தலை வலிக்கும், குமட்டும், சாப்பாடு இறங்காது. கேட்டால், "ஒண்ணுமில்லண்ணா, தூங்கினா சரியாயிடும்" என்பார்கள். தன்னால் எல்லாருடைய பயணமும் கெட்டுவிடுமோ என்ற கூச்சம். தினமும் ஜிம்முக்குப் போகிற பையன்தான் பெரும்பாலும் இப்படி மறைப்பான். உடல் வலுவுக்கும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் இந்த மலை நோய்க்கும் தொடர்பே இல்லை என்பதைக் கிளம்பும் முன்பே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். வேகமாக ஏறுகிறவர்களுக்குத்தான் அது சீக்கிரம் வருகிறது.

அதனால் குழுத் தலைவர் பொதுவாக "எல்லாரும் ஓகேவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். தலைவலி இருந்தால் மறுநாள் ஏற்றம் கூடாது. மாத்திரை போட்டு வலியை அடக்கிக்கொண்டு ஏறுவது இன்னும் மோசம். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவானாலும் துணையோடு உடனே கீழே இறக்கிவிட வேண்டும். உயரம் குறைவதுதான் முதல் மருந்து. யார் இறங்கினாலும் துணைக்குப் போவது யார் என்பதைக் கசோலிலேயே முடிவு செய்துவிட்டால், பிள்ளைகள் வாய் திறந்து சொல்லக் கூச்சப்பட மாட்டார்கள்.

அப்புறம், வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய்விடும் பழக்கம். மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்து நடக்க விடுங்கள். வலுவான ஒருவர் கடைசியில் வரட்டும். முன்னால் போனவர்கள் ஓய்வெடுத்துக் காத்திருந்துவிட்டு, பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடந்தால், யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு அது கிடைக்காமலே போகிறது.

கணவாயைக் கடக்கும் நாளில் தாமதம் கூடவே கூடாது. விடிவதற்கு முன்பே நகாருவிலிருந்து கிளம்பச் சொல்வது, பனி இறுகியிருக்கும்போதே கடந்துவிடத்தான். வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும். மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு மழையோ பனியோ வரலாம். முந்தைய இரவே பையைக் கட்டிவிடச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கப் பைக்குள் (ஸ்லீப்பிங் பேக்) வைத்துக்கொண்டு படுக்கட்டும். வெளியே விட்டால் காலையில் குடிக்க முடியாதபடி உறைந்து கிடக்கும்.